கடைப் பெயர் எழுதும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

கடைப் பெயர் எழுதுவது என் தொழில். எழுத்து உரிகிறது என்று என்னைக் கூப்பிட்டதில் இந்த மாதத்தில் இது மூன்றாவது கடை. கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன பொட்டிக். பிளவுஸ், ஆரி ஒர்க், குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை. முகப்பில் மெரூன் சுவர், அதன் மேல் தங்க நிறத்தில் கடைப் பெயர். திறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நான் போய் நின்றபோது முதல் எழுத்தின் கீழ்ப்பாதி சுவரை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. நகத்தால் லேசாகத் தூக்கினேன். எழுத்தும் அதற்கு அடியில் இருந்த மெரூனும் ஒரே தோலாக உரிந்து கையோடு வந்தன. தோலின் பின்பக்கம் முழுக்க வெள்ளை மாவு.

"அண்ணா, நல்ல கம்பெனி எனாமல்தாங்க வாங்கிக் கொடுத்தேன். எழுதினவர் ஏமாத்திட்டாருங்க" என்றார் கடைக்காரப் பெண்.

"சுவரு எப்பம்மா பூசுனாங்க?"

"கடை திறக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடிங்க."

எழுதியவர் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து நாள் ஆன பூச்சில் எழுத முடியாது என்று அவர் மறுத்திருக்க வேண்டும். ஆனால் நல்ல நாள் குறித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது என்று கடைக்காரர் நிற்கும்போது மறுக்கிற தெம்பு எல்லா ஆர்ட்டிஸ்ட்டுக்கும் இருப்பதில்லை. வேலையை விட்டால் அடுத்த வேலை எப்போது வரும் என்று தெரியாத தொழில் இது.

"நல்ல கம்பெனி பெயிண்ட்" என்ற இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பெயிண்ட் எவ்வளவு விலையானாலும் அது பிடித்து நிற்க ஓர் இடம் வேண்டும். புது சிமெண்ட் பூச்சில் சுண்ணாம்பின் காரம் இருக்கும். அந்தக் காரமும் ஈரமும் சேர்ந்து எனாமலில் உள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். சோப்பின் மேல் எழுதிய எழுத்து எத்தனை நாள் நிற்கும்? பூச்சு குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். மழைக்காலமாக இருந்தால் அதற்கும் மேலே. அப்புறம் காரம் தாங்குகிற பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் அடிக்கிற முதல் பூச்சு. அது காய்ந்த பிறகு குழி மேடு நிரப்புகிற பட்டி, உப்புத்தாள், மறுபடி பிரைமர். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நான் நூல் அடித்து சாக்பீஸில் எழுத்தை அளக்க ஆரம்பிப்பேன். எழுதுவது ஒன்றரை நாள் வேலை. அதற்கு முன்னால் இருக்கிற ஒன்றரை மாதத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சாயங்காலம் டிசைன் கொடுத்தால் காலையில் ஃபிளெக்ஸ் மாட்டிப் பழகிவிட்டோம். அதே அவசரத்தைப் பிரஷ்ஷிடமும் கேட்கிறோம்.

சுவர் தயாரா என்று பார்க்க என்னைக் கூப்பிடக்கூட வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இடுக்கில்லாமல் சுவரில் ஒட்டுங்கள். ஒரு ராத்திரி முழுக்க, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது உள்பக்கம் வியர்த்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கருத்துத் தெரிந்தாலோ சுவருக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது. பழைய சுவர் என்றால் உள்ளங்கையை அழுத்தித் தேயுங்கள். கையில் சுண்ணாம்பு வந்தால் அதன் மேல் எதை எழுதினாலும் சுண்ணாம்போடு கொட்டும். சுரண்டிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

தகரப் போர்டிலும் இதே கதைதான். புது ஜி.ஐ. ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, பளபளவென்று இருக்கிறதே, கழுவிவிட்டு எழுதிவிடலாம் என்பார்கள். அந்தப் பளபளப்புதான் துத்தநாகம். அதில் சாதாரண எனாமல் நேரடியாக நிற்காது, கொஞ்ச நாளில் செதில் செதிலாக வரும். முதலில் துத்தநாகத்தைக் கடித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமர் அடிக்க வேண்டும். ஷட்டரில் எழுதினால், நன்றாகக் காயும்வரை ஷட்டரைச் சுருட்டாதீர்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதை வைத்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். எழுதிய மறுநாள் காலையிலேயே ஒரு கடையில் சுருட்டி ஏற்றிவிட்டார்கள். சாயங்காலம் இறக்கிப் பார்த்தால் ஒரு பட்டையின் எழுத்து மறு பட்டையில் தலைகீழாக ஒட்டியிருந்தது.

இன்னொன்று, எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன். பழைய ஷட்டரில் இருக்கும் பெயிண்டைச் சும்மா உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லாதீர்கள். வீட்டு, அலங்கார பெயிண்ட்களில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த மஞ்சளிலும் சிவப்பிலும் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகத்தில் மாஸ்க் வேண்டும், பக்கத்தில் குழந்தைகள் நிற்கக் கூடாது.

நிறத்துக்கு வருகிறேன். பொட்டிக் என்றாலே ரோஸும் தங்கமும்தான். வெயிலில் முதலில் வெளுக்கிறதும் அந்த ரோஸ்தான். மேற்கு பார்த்த கடை என்றால் பளிச்சென்ற ரோஸை வெளியே வைக்காதீர்கள், கடைக்குள் வையுங்கள். காவி, கறுப்பு, செங்கல் சிவப்பு இவை நின்று பேசும். டப்பாவில் வருகிற கோல்டு பெயிண்ட் பெரும்பாலும் பித்தளைத் தூள். ஒரு மழைக்காலம் பார்த்தால் பச்சையோடிக் கறுக்கும். உண்மையான தங்க இலை கறுக்காது, ஆனால் விலை வேறு. அது கட்டுப்படாது என்றால் காவி மஞ்சளில் எழுதி ஓரத்துக்குக் கறுப்பு நிழல் கொடுக்கச் சொல்லுங்கள். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தங்கமாகவே தெரியும்.

கண்ணாடியில் எழுதுவதென்றால் உள்பக்கம், திருப்பி எழுதச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் எழுதினால் துடைக்கிற பையன் பிளேடும் ஸ்பிரேயுமாக வந்து முடித்துவிடுவான்.

அப்புறம் தமிழ். இதைக் கோபத்தோடு சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன். கடைப் பெயரை வாட்ஸ்அப்பில் டிசைனாக அனுப்புகிறீர்கள். அதைச் செய்த மென்பொருளுக்குத் தமிழ் சரியாக வராததால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறுகிறது. நான் திருத்தினால், "டிசைன்ல இருக்கறபடியே எழுதிருங்கண்ணா" என்று பதில் வருகிறது. போன மாதம் ஒரு கடையில் உரிமையாளரின் மகள் பெயரே அப்படி உடைந்து வந்தது. என் நோட்டில் சரியாக எழுதிக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பெயரை வெள்ளைத் தாளில் கையால் எழுதி, வீட்டில் இரண்டு பேரைப் படிக்கச் சொல்லி, அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். எனக்கு அது போதும்.

ஆங்கிலத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு மூலையில் குன்றிமணி அளவில் தமிழ் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது அரசு சொன்ன அளவு. அதை விட்டால் பிறகு அதிகாரி வந்து சொல்லி, நான் மறுபடி ஏணி ஏறி, உங்களுக்கு இரட்டைச் செலவு.

ஆர்.எஸ்.புரம் கடைக்கு இப்போது சுவரைச் சுரண்டிவிட்டுக் காயப்போட்டிருக்கிறோம். அதுவரை ஒரு மரப்பலகையில் பெயரை எழுதி வாசலில் தொங்கவிட்டுக் கொடுத்தேன். மாடி கட்டிக்கொண்டிருக்கிற, கடை எடுக்கப்போகிற மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கொத்தனார் முகப்பைப் பூசத் தொடங்குகிற அன்றே எழுதுகிறவருக்கு ஒரு போன் போடுங்கள். எந்த இடம் வழவழப்பாக வேண்டும், சன்ஷேடிலிருந்து தண்ணீர் எழுத்தின் மேல் வடியாமல் எங்கே வெட்டு விட வேண்டும் என்று அவர் கொத்தனாரிடமே பேசிக்கொள்வார். அதற்கு நான் காசு வாங்குவதில்லை.