கொடுக்கிணைப்பு: 'கீலேட்' என்பதற்குச் சரியான தமிழ்

உரக்கடைப் பாக்கெட்டில் 'செலேட்டட் ஜிங்க்' என்று இருப்பதும், வேதியியல் வகுப்பில் 'கீலேட்' என்று சொல்வதும் ஒரே சொல்தான். ஒரு மூலக்கூறு ஓர் உலோக அணுவை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கவ்விப் பிடிப்பதை அது குறிக்கிறது. மூலம் கிரேக்கம், நண்டு வகைகளின் கொடுக்குக்கு அங்கே 'கேலே' என்று பெயர். 1920-ல் மார்கன், ட்ரூ என்ற வேதியியலாளர்கள் லாப்ஸ்டரின் பெரிய கொடுக்கை மனதில் வைத்து இதைக் கலைச்சொல்லாக்கினார்கள். நம் கடலில் கிடைக்கும் சிங்கி இறாலுக்கு அப்படிப்பட்ட கொடுக்கு கிடையாது. ராமநாதபுரம் கரையில் இருப்பவர்களுக்கு நண்டுதான் சரியான எடுத்துக்காட்டு.

தொண்டியிலோ தேவிபட்டினத்திலோ வலையிலிருந்து நீலக்கால் நண்டைக் கழற்றும்போது கொடுக்கைக் கவனியுங்கள். இரண்டு விரல்கள். ஒன்று அசையாது, மற்றது மட்டும் மூடித் திறக்கும். நூல் இரண்டுக்கும் நடுவே மாட்டினால் லேசில் வராது.

செம்பு அணுவைச் சில கரிம மூலக்கூறுகள் பிடிப்பதும் இப்படித்தான். உலோகத்துக்கு எலக்ட்ரான் இரட்டையைக் கொடுத்துப் பிணையும் மூலக்கூறுக்கு 'ஈனி' என்று பெயர். 'ஈதல்' என்ற வேரோடு சேர்த்துப் படித்தால் பொருள் தெளிவாகும். காப்பர் அசிட்டேட் என்ற செம்பு உப்பையும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் வெந்நீரில் கரைத்துக் கலந்தால் நீலப் படிகம் இறங்கும். அதில் ஒவ்வொரு கிளைசினும் ஒரு கையில் நைட்ரஜன், மறு கையில் ஆக்சிஜன் என்று செம்பைப் பிடிக்க, செம்பையும் சேர்த்து ஐந்து அணு வளையம் உருவாகிறது. ஒரு பிடி தளர்ந்தாலும் மறு பிடி இருப்பதால் அது திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அம்மோனியா போன்ற ஒரே பிடி ஈனிகளைவிட இவை உறுதியாக நிற்பதற்கு அது ஒரு காரணம்.

அப்புறம், 'கொடுக்கு' என்ற தமிழ்ச்சொல் தேளின் வால்முனைக்கும் உரியது. அது குழப்பம் தரும் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அதுவே இந்தச் சொல்லின் பலமாகத் தெரிகிறது. 1960-களில் ட்ரோஃபிமென்கோ என்ற வேதியியலாளர் உருவாக்கிய பைரசோலைல்போரேட் ஈனிகள் இரண்டு கைகளால் உலோகத்தைப் பிடித்து, மூன்றாவதை மேலிருந்து வளைத்துக் குத்தும். அவற்றுக்குத் தேளை வைத்தே 'ஸ்கார்பியோனேட்' என்று பெயர் வந்தது. நண்டுக்கு ஒரு சொல், தேளுக்கு ஒரு சொல் என்று தேட வேண்டிய அவசியம் தமிழில் இல்லை.

அந்தத் தேள் ஈனியே நண்டின் ரத்தத்தை விளக்கவும் உதவியது. நண்டு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின் என்ற புரதம். அதில் செம்பு அணுக்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் மூன்று நைட்ரஜன்கள் பிடித்திருக்கின்றன. ஆக்சிஜன் சேர்ந்தால் நீலம், பிரிந்தால் நிறமில்லை. 1989-ல் ஜப்பானின் கிட்டாஜிமா குழு தேள் ஈனியால் ஒரு செம்பு அணைவை (உலோகமும் ஈனிகளும் சேர்ந்த சேர்மத்தை) தயாரித்து அதன் படிக அமைப்பைக் கண்டது. ஆக்சிஜன் மூலக்கூறு இரு செம்புக்கும் நடுவே படுக்கைவசமாக இருந்தது. 1994-ல் குதிரைலாட நண்டின் ஹீமோசயனின் படிகத்திலும் அதே அமைப்புதான் தெரிந்தது.

ஆகவே 'செலேட்' என்று எழுதும் இடத்தில் தயங்காமல் 'கொடுக்கிணைப்பு' என்று எழுதலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: இருமுனை ஈனி எல்லாமே கொடுக்கிணைப்பு ஆகாது. இரு முனையும் ஒரே உலோக அணுவைப் பிடித்து வளையம் உண்டாக்க வேண்டும். ஆளுக்கொரு அணுவைப் பிடித்தால் அது இரண்டையும் பாலம்போல இணைக்கும் 'பால ஈனி'.