பாலத்துக்கு அடியில் ஓடும் குழாய்

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கீழே எட்டிப் பார்க்காதவர்கள் ராமநாதபுரம் பக்கம் குறைவு. மேலே பாலம், அடியில் படகு. மகளிர் அறுவைசிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும் இப்படி ஒரு பாலம் உண்டு. கருப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் மேலே குறுக்காகப் போகும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாய் அதற்கு அடியில் நுழைந்து போகும். கருப்பை வாயிலிருந்து அந்த இடம் ஏறத்தாழ 2 செ.மீ. தூரம்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய் அறுவைசிகிச்சையின் கஷ்டம் பெரும்பாலும் அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கிறது.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் கிராமத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற 40 வயது அக்கா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதவிலக்கு இல்லாத நாளிலும் ரத்தக்கசிவு. பரிசோதனை, பயாப்ஸி எல்லாம் முடிந்து 'ஆரம்ப நிலைதான்' என்கிறார்கள். ஊரில் இதை 'கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவோம். ஆனால் எவ்வளவு எடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதை முடிவு செய்வது மில்லிமீட்டர் கணக்கு.

புற்று 3 மி.மீ. ஆழத்துக்குள் நின்று, ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் நுழையாமலும் இருந்தால், கருப்பை வாயில் ஒரு கூம்பு அளவுக்கு மட்டும் வெட்டி எடுத்தாலே போதும். தக்காளியில் காம்பைக் குடைந்து எடுப்போமே, அப்படி. எடுத்த துண்டின் ஓரங்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஓரம் சுத்தமாக இருந்தால் கருப்பை அப்படியே இருக்கலாம், அப்புறம் பிள்ளையும் பெறலாம். குழந்தை வேண்டாம் என்பவர்களுக்குச் சாதாரண முறையில் கருப்பையை எடுப்பதும் உண்டு.

கட்டி அதைவிடப் பெரிது, ஆனால் 4 செ.மீ.க்குள் என்றால் அறுவைசிகிச்சையில் நெடுங்காலமாக ஒரே வழிதான். 1898இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் வெர்த்தைம் தொடங்கிவைத்த பெரிய ஆபரேஷன் அது. கருப்பையோடு, அதை இருபுறமும் நங்கூரக் கயிறு மாதிரி இடுப்போடு பிடித்து நிற்கும் திசு, பிறப்புறுப்பின் மேல்பகுதி, இடுப்பு நிணநீர் முடிச்சுகள் எல்லாம் போகும். அந்தத் திசுவை எடுக்கத்தான் பாலத்துக்கு அடியில் ஓடும் சிறுநீர்க் குழாயை ஒவ்வொரு இழையாகப் பிரித்து ஒதுக்க வேண்டும். அந்தக் கயிற்றுக்குள்ளேயே சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் ஓடுகின்றன. அவை அறுந்தால் பை நிறைந்தது தெரியாது. சிலர் வாரக்கணக்கில், சிறுநீரை வடிக்க வெளியிலிருந்து போடும் குழாயோடு இருக்க நேரும். சினைப்பைகளை மட்டும், வயது குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள்.

சரி, சிறிய கட்டிக்கும் அந்தக் கயிற்றை அறுக்கத்தான் வேண்டுமா? 12 நாடுகளில் 700 பெண்களிடம் இதைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி 2 செ.மீ.க்குள், ஆழமும் குறைவு என்றால், சாதாரணமாகக் கருப்பையை எடுத்தவர்களுக்கு மூன்று ஆண்டில் இடுப்புக்குள் நோய் திரும்பியது 100க்கு 2.5 பேருக்கு. பெரிய ஆபரேஷனில் 2.2. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சிறுநீர் முழுதாக இறங்காத தொல்லை பெரிய ஆபரேஷனில் 100க்கு 10 பேருக்கு. சாதாரண முறையில் ஒருவருக்கும் கீழே.

குறைவாக வெட்டினால் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. 2018இல் வந்த இன்னோர் ஆய்வு மருத்துவர்களையே திடுக்கிட வைத்தது. 631 பெண்கள். பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்து, மீதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பி அல்லது ரோபோ வழியாகச் சின்னத் துளை போட்டு, அதே பெரிய ஆபரேஷன். நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், துளை முறையில் 86. கருப்பையைப் பிடித்துத் திருப்ப உள்ளே செலுத்தும் கருவி கட்டியை நசுக்கிச் செல்களைச் சிதறவிடுகிறதோ, வயிற்றை உப்பவைக்கும் வாயு அவற்றைப் பரப்புகிறதோ என்று சந்தேகப்படுகிறார்கள். பித்தப்பைக்குத் துளை போட்டு மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துவிட்டு 'நமக்கும் அதையே செய்யுங்க டாக்டர்' என்று கேட்பது இயல்புதான். இங்கே வயிற்றில் நீளத் தழும்போடு வருவதே பெரும்பாலும் நல்ல பேரம்.

நிணநீர் முடிச்சுகளிலும் சிக்கனம் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்தால் நிணநீர் வடிய வழியின்றிக் கால் வீங்கலாம். யானைக்காலிலும் அடிப்படையில் நடப்பது அதே அடைப்புதான். அதனால் கருப்பை வாயில் சாயத்தை ஊசியால் செலுத்தி, அது முதலில் எந்த முடிச்சில் போய் நிற்கிறது என்று பார்த்து, அதை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை பரவிவருகிறது. அதில் புற்று இருந்தால் பல இடங்களில் ஆபரேஷனை அதோடு நிறுத்திவிட்டு, கதிர்வீச்சும் கீமோவும் தருவார்கள். வெட்டியும் சுட்டும் இரட்டைத் தண்டனை எதற்கு?

பிள்ளை வேண்டும் என்கிற இளம்பெண்களுக்கு பிரான்ஸின் லியோன் நகரத்து மருத்துவர் டானியல் டார்ஜான் 1980களின் பிற்பகுதியில் ஒரு வழி கண்டார். கட்டி 2 செ.மீ.க்குள் இருந்தால் கருப்பை வாயையும் அதை ஒட்டிய திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு, கருப்பையைக் கீழே பிறப்புறுப்போடு தைத்து, வாய் இறுக ஒரு சுருக்கும் போடுவது. அப்புறம் கரு தங்கினால் பிரசவம் சிசேரியன்தான். குறைமாதப் பிரசவ ஆபத்தும் கூடுதல்.

சின்னப்பாலத்து அக்காவுக்குப் பெரிய ஆபரேஷன்தான் என்றாகிவிட்டால், சிறுநீர் வடிக்கப் போட்ட குழாயை எடுத்த அன்றைக்கு ஒரு பரீட்சை உண்டு. தானாகச் சிறுநீர் கழித்ததும் பையில் மிச்சம் எவ்வளவு என்று அளப்பார்கள். பொதுவாக 100 மி.லி.க்குக் கீழே என்றால் குழாய் மறுபடி வேண்டாம். உள்ளே போட்ட தையல் ஆற ஆறு வாரத்துக்குக் குறையாது. அதுவரை பாசிச் சாக்கைத் தூக்கவும் கூடாது, கடலில் இறங்கவும் கூடாது.