அவுட் ஆஃப் ரேஞ்ச்: மானிட்டர் என்ன சொல்கிறது, தமிழில் அதை எப்படிச் சொல்வது?

திருமங்கலத்தில் சித்தி மகள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், எனக்கு அக்கா முறை. ஒருநாள் காலையில் கடை திறந்த கையோடு போன் செய்தார். “தம்பி, கம்ப்யூட்டர் போட்டா விண்டோஸ் படம் வரைக்கும் வருது, அப்புறம் ஸ்கிரீன் கருப்பாயிடுது. நடுவுல ஒரு சின்னப் பெட்டி மட்டும் மெதந்துக்கிட்டே இருக்கு. அவுட் ஆஃப் ரேஞ்ச், 64.0 கிலோஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. டவர் எடுக்கலை போல. வைஃபை பெட்டியைத் தூக்கிப் பக்கத்துலயே வச்சுட்டேன், அப்பவும் அதேதான் காட்டுது.”

அக்கா அப்படி நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. ரேஞ்ச் என்ற சொல்லை நாம் போனில்தான் முதலில் கற்றுக்கொண்டோம், டவர் எட்டாத இடம் என்று. அந்தப் பொருளை இங்கே கொண்டுவந்து வைத்தால் வைஃபை பெட்டியைத்தான் தூக்கத் தோன்றும். பக்கத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் ஒருவர் மதர்போர்டு போயிருக்கும் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்று சொல்லும் இரண்டு எண்ணும் கொண்ட ஓர் அறிவிப்பு, அதைச் சரியாகப் படித்திருந்தால் செலவே இல்லை. அதனால் அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் பேசுவது யார் என்று தெரிய வேண்டும். இந்த அறிவிப்பைக் கம்ப்யூட்டர் எழுதவில்லை, மானிட்டர் எழுதுகிறது. அதற்குள் இருக்கும் ஒரு சின்னச் சில்லு, உள்ளே வரும் படத்தைக் காட்ட முடியாதபோது இந்தப் பெட்டியைத் தானாகவே வரைந்து மிதக்க விடுகிறது. சந்தேகம் இருந்தால் சிபியுவை அணைத்துவிட்டு மானிட்டருக்கு மட்டும் கரண்ட் கொடுத்துப் பாருங்கள், அப்போதும் ‘நோ சிக்னல்’ என்றோ கேபிளைப் பாருங்கள் என்றோ ஏதாவது ஒரு பெட்டி வரும். மானிட்டர் என்ற சொல்லே லத்தீனில் எச்சரிப்பது, நினைவூட்டுவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது, எச்சரிப்பவர் என்று அதற்கு அர்த்தம். வகுப்பில் சத்தம் போடுபவர் பெயரைப் பலகையில் எழுதும் மானிட்டரும் அதே சொல்தான். தமிழில் திரை என்று சொன்னாலே போதும், எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் இந்த ஓர் இடத்தில் அது திரையாக மட்டும் இல்லை, பழைய பொருள்படி எச்சரிப்பவராகவே வேலை பார்க்கிறது.

‘நோ சிக்னல்’ என்பதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது எதுவுமே வரவில்லை என்பது. இது வருகிறது, ஆனால் என்னால் தாங்க முடியாத வேகத்தில் வருகிறது என்பது. நோய் இரண்டும் வேறு, மருந்தும் வேறு. சிக்னலுக்குக் குறிகை என்று அறிவியல் தமிழில் நல்ல சொல் இருக்கிறது, சைகை, சமிக்ஞை என்றும் எழுதுகிறார்கள், இருந்தாலும் மதுரையில் காளவாசல் சிக்னலைக் காளவாசல் குறிகை என்று யாரும் சொல்லப் போவதில்லை, அதை விட்டுவிடலாம்.

இனி எண்கள், விஷயம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. திரையில் படம் வருவது நோட்டில் எழுதுகிற மாதிரிதான். இடமிருந்து வலமாக ஒரு வரி, அப்புறம் கீழே அடுத்த வரி, பக்கம் முடிந்ததும் மறுபடி மேலே. ஒரு நொடிக்கு எத்தனை பக்கம் என்பது இரண்டாவது எண், செங்குத்து அதிர்வெண். ஒரு நொடிக்கு எத்தனை வரி என்பது முதல் எண், கிடை அதிர்வெண். கிடை என்றதும் மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு ஆட்டுக்கிடை ஞாபகம் வரும், இரண்டும் ஒரே சொல்தான், கிட என்ற வேரிலிருந்து வருவது. ஆடுகள் படுத்துக்கிடக்கும் இடம் ஆட்டுக்கிடை, படுத்துக்கிடக்கும் கோடு கிடைக்கோடு.

அக்கா கடைத் திரையில் வந்த பெட்டியில் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 பக்கம். 64.0 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்குச் சுமார் 64,000 வரி. அவர் கம்ப்யூட்டர் அனுப்பிக்கொண்டிருந்தது 1280-க்கு 1024 என்ற அளவுள்ள படம், குறுக்கே 1280 புள்ளி, மேலிருந்து கீழே 1024 வரி. 1024 வரியை 60-ஆல் பெருக்கினால் 61,440-தானே வருகிறது, 64,000 எங்கிருந்து வந்தது? பக்கத்தைப் புரட்ட நேரம் வேண்டும் அல்லவா, அதற்காக ஒவ்வொரு படத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத 42 வரிகள் சேர்ந்து போகின்றன. 1024-உம் 42-உம் சேர்ந்தால் 1066, அதை 60-ஆல் பெருக்குங்கள், 63,960. கிட்டத்தட்ட 64.0 கிலோஹெர்ட்ஸ். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெட்டி அப்புறம் பயம் காட்டாது.

டிவிக்கும் இதே கணக்குதான். கொடைக்கானலைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைத்த காலத்து டப்பா டிவியில் ஒரு முழுப் படத்துக்கு 625 வரி, நொடிக்கு 25 படம், பெருக்கினால் 15,625. டிவி ஓடினால் ஒரு மெல்லிய கீச்சொலி பிள்ளைகளுக்குப் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும், அது இந்த 15,625 ஹெர்ட்ஸ்தான். வயது ஏற ஏறப் பலருக்குக் காது அந்த உயரத்துக்குப் போகாது.

ஹெர்ட்ஸ் என்பது ஓர் ஆளின் பெயர். ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், ஜெர்மன் இயற்பியலாளர், 1857-இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். மின்காந்த அலைகள் இருக்கின்றன என்பதை 1880-களின் கடைசியில் சோதனை செய்து காட்டினார். 1894-இல் இறந்தபோது வயது 36-தான். அதுவரை நொடிக்கு இத்தனை சுழற்சி என்று சொல்லிக்கொண்டிருந்த அலகுக்கு 1930-இல் அவர் பெயரை வைத்தார்கள். ஆள் பெயராதலால் தமிழில் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அலகு அளக்கும் பொருளுக்குத் தமிழில் இருக்கும் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் பிரீக்வென்சி என்கிறார்கள், லத்தீனில் நெரிசலானது, அடிக்கடி நிகழ்வது என்பதிலிருந்து வந்தது. தமிழில் அதிர்வெண், அதிர்வு கூட்டல் எண். என்ன அளக்கிறோம் என்று சொல்லே சொல்லிவிடுகிறது, பாடம் நடத்த வேண்டியதில்லை.

சரி, ரேஞ்ச். இது பழைய பிரெஞ்சில் வரிசை, அணி என்ற பொருளில் இருந்த சொல், அதற்கும் பின்னால் போனால் ஜெர்மானிய மொழிகளில் வளையத்தைக் குறிக்கும் சொல்லில் போய் நிற்கிறது. விரலில் போடும் ரிங்கும் பரீட்சையில் வாங்கும் ரேங்க்கும் இதற்குச் சொந்தக்காரர்கள். வரிசை என்று தொடங்கி, வரிசை நீண்டு கிடக்கும் நீளமாகி, துப்பாக்கிக் குண்டு எட்டும் தூரமாகி, கடைசியில் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரைக்கும் என்ற இடைவெளி ஆகிவிட்டது. நம் பேச்சில் இன்னும் ஒரு படி தாண்டி, ‘அவர் ரேஞ்சே வேற’ என்று தகுதி, அந்தஸ்து என்ற இடத்துக்கும் வந்துவிட்டது.

இத்தனை பொருள் ஒரே சொல்லில் இருப்பதால் தமிழில் ஒரே சொல் தேடினால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. காவல்துறையிலும் வனத்துறையிலும் ரேஞ்ச் என்பது சரகம், மதுரை சரக டிஐஜி, சாப்டூர் வனச்சரகம் என்று தினமும் பேப்பரில் பார்க்கிறோம். மலை ரேஞ்ச் மலைத்தொடர். பள்ளிக் கணக்கில் ஒரு தரவின் பெரிய மதிப்பிலிருந்து சிறிய மதிப்பைக் கழித்தால் வருவது வீச்சு, சார்பு என்று பத்தாம் வகுப்பில் வரும் பாடத்தில் அது வீச்சகம். எறிந்த பொருள் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதற்கு இயற்பியலில் நெடுக்கம்.

இதில் மானிட்டருக்கு எதை வைப்பது? வீச்சு என்றுதான் முதலில் கை போகும், பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அலைகளைப் பற்றிப் பேசும்போது பள்ளிப் பாடத்திலேயே வீச்சு என்பது அலையின் உயரத்துக்கு ஆகிவந்துவிட்டது. அதிர்வெண்ணைப் பற்றிய ஓர் அறிவிப்பில் போய் ‘வீச்சுக்கு வெளியே’ என்று எழுதினால், பிளஸ் டூவில் இயற்பியல் படித்த பிள்ளை அலையின் உயரம் கூடிவிட்டது என்றுதான் புரிந்துகொள்ளும். வைஃபை பெட்டியைத் தூக்கியதைவிடப் பெரிய குழப்பம் அது. நெடுக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தூரம் என்ற நினைப்பைத்தான் தருகிறது.

என் கணக்கில் இங்கே உட்கார வேண்டிய சொல் வரம்பு. வயலின் வரப்பும் இந்த வரம்பும் ஒரே சொல்லின் இரண்டு உருவம், மெல்லினத்தில் வரம்பு, வல்லினத்தில் வரப்பு. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலில் போய் நின்று பாருங்கள், தண்ணீர் வரப்புக்குள் நிற்கும்வரைதான் அது வயல், வரப்பைத் தாண்டினால் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். மானிட்டருக்கும் இந்தப் பக்கம் ஒரு வரப்பு, அந்தப் பக்கம் ஒரு வரப்பு. அக்கா கடையில் மாட்டியிருந்த 15 அங்குல மானிட்டரின் கையேட்டில் கிடை 30 முதல் 61 கிலோஹெர்ட்ஸ், செங்குத்து 56 முதல் 75 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. வந்த 60 ஹெர்ட்ஸ் உள்ளேதான் இருக்கிறது, 64.0 தான் 61-ஐத் தாண்டிவிட்டது. தாண்டியது எந்த வரப்பு என்று இரண்டு எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேல் வரம்பு, கீழ் வரம்பு, வரம்பு மீறல் என்று மற்ற சொற்களும் தமிழில் தயாராகவே இருக்கின்றன.

அந்த 15 அங்குலம் அங்கே எப்படி வந்தது என்றால், ஏற்கெனவே இருந்த பெரிய மானிட்டர் முந்தின நாள் எரிந்துபோய், பரணில் கிடந்த பழையதை எடுத்து அக்காவே மாட்டியிருக்கிறார். திரை மாறியது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. சாதாரணமாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் மானிட்டர் தன் வரம்புகளைத் தானே கேபிள் வழியாகச் சொல்லும் ஏற்பாடு 1994-லேயே வந்துவிட்டது. 15 கம்பி உள்ள நீல நிற விஜிஏ கேபிளில் 12-ஆம் கம்பியும் 15-ஆம் கம்பியும் அதற்குத்தான். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் போய்க் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், 12-ஆம் கம்பி மடங்கி உள்ளே படுத்திருந்தது. 9-ஆம் கம்பி இல்லாமலே பல கேபிள்கள் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 12-உம் 15-உம் நேராக நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆரம்பப் படம் ஏன் தெரிந்தது என்று அக்கா கேட்டார், நல்ல கேள்வி. தொடக்கத்தில் கம்ப்யூட்டர் சின்ன அளவில்தான் படம் அனுப்பும், அது எந்த மானிட்டரின் வரம்புக்குள்ளும் அடங்கும். விண்டோஸ் முழுதாக ஏறி, எரிந்துபோன பெரிய மானிட்டருக்கு வைத்திருந்த அளவை எடுக்கும்போதுதான் தாண்டுகிறது. ஆரம்பத்தில் தெரிந்து அப்புறம் கருப்பானால் மதர்போர்டு மேல் சந்தேகப்படத் தேவையில்லை என்பதற்கு இதுவே நல்ல அடையாளம்.

அவருடையது விண்டோஸ் 7. போடும்போதே எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்து, வரும் பட்டியலில் குறைந்த அளவுப் படம், 640-க்கு 480 என்பதைத் தேர்ந்தெடுத்தோம், திரை வந்துவிட்டது. அப்புறம் அளவை 1024-க்கு 768, 60 ஹெர்ட்ஸ் என்று வைத்தோம், அதற்கு வரி 806 வீதம் 48.4 கிலோஹெர்ட்ஸ்தான் ஆகும், 61-க்கு நன்றாக உள்ளே. விண்டோஸ் 10, 11-இல் தொடக்க அமைப்புகள் பட்டியலில் அது 3-ஆம் எண். லினக்ஸ் என்றால் தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலின் கட்டளை வரியில் நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லைச் சேர்த்துத் திறக்கலாம். எதுவும் புரியவில்லை என்றால் பக்கத்துக் கடையில் வேறு ஒரு மானிட்டரை அரைமணி நேரம் கடன் வாங்கி மாட்டி, அளவைக் குறைத்துவிட்டு, பழையதை மாட்டுங்கள், அதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.

திரை உற்பத்தி செய்பவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. மானிட்டர் பட்டனை அழுத்தினால் பிரெஞ்சு, ஜெர்மன், சீனம் என்று மொழிப் பட்டியல் வருகிறது, நான் கையாண்ட ஒன்றிலும் தமிழ் இல்லை. வைத்தால் ‘ரேஞ்சுக்கு வெளியே’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றி வைக்க வேண்டாம், யார் சொல்வது, எது தாண்டியது என்று இரண்டும் தெரியும்படி வையுங்கள். அக்கா கடை மானிட்டரின் முதுகில் அதைத்தான் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்: “வரும் படம் இந்தத் திரையின் வரம்பைத் தாண்டுகிறது. கிடை 30 – 61, செங்குத்து 56 – 75. கம்ப்யூட்டரில் அளவைக் குறைக்கவும்.”