எலி மண்டையில் வளர்ந்த எலும்பு, உங்கள் காலில் வளருமா?

"டாக்டர், செயற்கை எலும்பு வந்துவிட்டதாமே, அதையே வையுங்கள். இடுப்பிலிருந்து எலும்பு எடுக்க வேண்டாம்." பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பை இழந்தவர்கள் எலி மண்டையில் செயற்கை எலும்பு சோதனை வெற்றி என்று சொல்லும் வீடியோவைச் செல்போனில் நீட்டியபடி இப்படிக் கேட்பது வாடிக்கையாகிவிட்டது. சமீபத்தில் வந்த இளைஞர் அந்த வீடியோவை நம்பி மாதக்கணக்கில் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தார். அதற்குள் முழங்கால் இறுகி, மடக்கவே முடியவில்லை.

வீடியோ பொய்யில்லை. ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் உள்ளது போன்ற தாது) போன்ற கால்சியம் பாஸ்பேட் பொடியைக் கொலாஜன் என்ற புரதத்தோடோ, பிளாஸ்டிக் போன்ற பாலிமரோடோ கலந்து, பஞ்சு மாதிரி துளையுள்ள துண்டாகச் செய்கிறார்கள். பொடி மட்டும் என்றால் நொறுங்கும். பாலிமர் மட்டும் என்றால் எலும்போடு ஒட்டாது. அதனால்தான் கலவை.

ஆனால் 'சோதனையில் வெற்றி' என்றால் எந்தச் சோதனை? ரத்தத்தின் உப்புகளைக் கொண்ட கரைசலில் ஊறவைத்து, மேலே அபடைட் என்ற அந்த எலும்புத் தாது படிகிறதா என்று பார்ப்பது ஒன்று. அதில் உயிருள்ள ஒரு செல்கூடக் கிடையாது. அடுத்து, தட்டில் செல்கள் வளர்கின்றனவா என்று பார்ப்பார்கள். அப்புறம் எலியின் மண்டையோட்டில் பெரும்பாலும் 8 மி.மீ. துளை. அவ்வளவு பெரிதாகப் போடுவதற்குக் காரணம் உண்டு: சின்னத் துளை தானாகவே ஆறிவிடும், பெயர் பொருளுக்குப் போய்விடும். எதுவும் வைக்காத துளையோடு ஒப்பிடாத முடிவை நான் நம்புவதில்லை. சரி, அதிலும் தேறிவிட்டது. எலி மண்டையால் நடப்பதில்லையே! காலின் கெட்டி எலும்பு 100 முதல் 200 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தைத் தாங்கும். துளையுள்ள துண்டுகள் பெரும்பாலும் அதன் அருகில்கூட வராது. எடை தாங்கும் செம்மறியாட்டின் காலெலும்பு, பிறகு மனிதர்கள் என்று இன்னும் தூரம் இருக்கிறது.

இந்தத் துண்டு வெறும் பந்தல்தான். கொடி உங்கள் உடம்பிலிருந்து வர வேண்டும். இடுப்பிலிருந்து எடுத்து வைக்கும் உங்கள் சொந்த எலும்பில் உயிருள்ள செல்களும் வளர்ச்சிப் புரதங்களும் சேர்ந்தே வருகின்றன. "இடுப்புல எடுத்தா புள்ள நடப்பானா?" என்று அம்மாக்கள் அழுகிறார்கள். நடப்பான் அம்மா. விளிம்பிலிருந்துதான் எடுக்கிறோம், சில வாரம் வலிக்கும். கட்டியைச் சுரண்டிய குழியை நிரப்பவோ, எடுத்த எலும்பு போதாதபோது சேர்த்துக்கொள்ளவோ நாங்களும் இதே கால்சியம் பாஸ்பேட் வகைச் செராமிக் துகள்களைப் பயன்படுத்துகிறோம்.

அப்படி வைத்தவர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்து ஏமாறாதீர்கள். துகளே வெள்ளையாகத்தான் தெரியும். ஓரம் கூர்மையாக, தனித்தனிப் புள்ளியாக நின்றால் எலும்பு இன்னும் சேரவில்லை. ஓரம் மங்கி, சுற்றியுள்ள எலும்போடு கலந்த பிறகுதான் நாங்கள் மெல்ல எடை வைக்கச் சொல்வோம். "வெள்ளையாகிவிட்டது" என்று நீங்களாகக் காலை ஊன்றினால் எலும்பைப் பிடித்திருக்கும் உலோக பிளேட்தான் உடையும்.

பீடி, சிகரெட் ஒன்றுகூடக் கூடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். வைத்த பொருளின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வீடியோவைத் தாராளமாகக் காட்டுங்கள், விளக்குகிறேன். தயவுசெய்து அதற்காக ஆபரேஷன் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.