"தலையைத் தூக்கிட்டீங்க சார்!" கோல்ஃபில் கேட்காமலே கிடைக்கும் வைத்தியம்

2024 பிப்ரவரியில் பிரிட்டனிலிருந்து ஒரு வீடியோ கிளம்பி உலகம் முழுக்கச் சுற்றியது. பந்து அடித்துப் பழகும் டிரைவிங் ரேஞ்சில் ஒரு பெண் நிற்கிறார். கோல்ஃப் சொல்லிக்கொடுப்பதே அவருடைய தொழில். தன் ஸ்விங்கில், அதாவது மட்டையை வீசும் விதத்தில், ஒரு மாற்றம் செய்துகொண்டிருக்கிறார், அதைப் படமும் எடுத்துக்கொண்டிருக்கிறார். கேமராவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல் வருகிறது: மட்டையைப் பின்னால் கொண்டுபோவது ரொம்ப மெதுவாக இருக்கிறதாம், அப்படிச் செய்யக்கூடாதாம், தான் 20 வருஷமாக ஆடுகிறாராம். ஸ்விங்கை மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிப் பார்க்கிறார். குரல் விடுவதாக இல்லை. சரி என்று அடுத்த பந்தை அடிக்கிறார், அது அழகாகப் போகிறது. உடனே அந்தக் குரல், "பார்த்தீங்களா, இப்ப எவ்வளவு நல்லா வந்துச்சு!" என்கிற மாதிரி மார்தட்டிக்கொள்கிறது.

ஒரு பயிற்சியாளருக்கே பாடம் எடுத்த அந்த ஆளின் தைரியத்தைப் பற்றி அப்போதே நிறையப் பேர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்குச் சுவையாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். கோல்ஃபில் தப்பான அறிவுரைகள் எப்படி நூறு வருஷமாகச் சாகாமல் இருக்கின்றன என்பதற்கான விளக்கம் மொத்தமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழாது. அவருக்கென்று ஒரு சராசரி உண்டு, அதற்கு மேலேயும் கீழேயும் பந்துகள் சிதறும். ரொம்ப மோசமாக ஒன்று விழுந்தால், அடுத்தது அதைவிட நன்றாக விழவே வாய்ப்பு அதிகம், யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும்கூட. புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவர் எப்போது வாயைத் திறப்பார்? நீங்கள் நன்றாக அடித்த பிறகா? மோசமாக ஒன்று போன பிறகுதானே! அப்புறம் வருகிற பந்து எப்படியும் கொஞ்சம் தேறும், பெயர் அவருக்குப் போகும். உளவியலாளர் டேனியல் கானெமன் இஸ்ரேல் விமானப் படைப் பயிற்சியாளர்களிடம் இதே கதையைப் பார்த்தார். பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் ஒழுங்காக ஓட்டுகிறார்கள், ஆகவே திட்டுவதுதான் சரி என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். உண்மையில் பாராட்டும் திட்டும் பெரிதாக எதையும் செய்யவில்லை, எண்கள் சராசரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

அந்த 'மெதுவாக' விஷயத்தையும் முடித்துவிடுவோம். முன்னணி ஆட்டக்காரர்களின் ஸ்விங்கை வீடியோவில் எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது என்னவென்றால், மட்டையைப் பின்னால் கொண்டுபோக எடுக்கும் நேரம், அதைக் கீழே இறக்கிப் பந்தைத் தொட எடுக்கும் நேரத்தைப் போல சுமார் மூன்று மடங்கு. மேலே போக முக்கால் வினாடி, கீழே வரக் கால் வினாடி என்று வைத்துக்கொள்ளலாம். வேகமாக ஆடுபவரிடமும் நிதானமாக ஆடுபவரிடமும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. பின்வீச்சு நிதானமாக இருப்பதில் தவறே இல்லை.

இனி அறிவுரைகளின் ராஜாவுக்கு வருவோம். "தலையைத் தூக்கிட்டீங்க." பந்து தரையோடு உருண்டு ஓடினாலும் இதுதான், மண்ணைப் பெயர்த்தாலும் இதுதான், வலப்பக்கம் காட்டுக்குள் போனாலும் இதுதான். காய்ச்சலோ கால்வலியோ எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை எழுதிக்கொடுக்கும் டாக்டர் மாதிரி.

இதில் இயற்பியல் என்ன சொல்கிறது? நன்றாக அடிக்கும் ஒருவரின் டிரைவர் (பந்தைத் தொலைதூரம் அனுப்ப எடுக்கும் மட்டை) மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பந்தைச் சந்திக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் நேரம் சுமார் 0.0005 வினாடி, அதாவது ஒரு வினாடியை இரண்டாயிரமாக நறுக்கினால் அதில் ஒரு துண்டு. அதற்குள் மட்டை நகர்வது இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். அடித்த உணர்வு கையிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சில பத்து மில்லி வினாடிகள் ஆகும், அதற்குள் பந்து ஒரு மீட்டருக்கு மேல் போய்விட்டிருக்கும். பந்து போன பிறகு தலை எங்கே இருந்தால் என்ன, பந்துக்கு அது தெரியப்போவதில்லை. பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படுவதோ அந்தப் பிந்தைய தலைதான். அரை மில்லி வினாடியில் நடந்ததை அவரால் பார்க்கவே முடியாது, எனவே தெரிந்ததைக் காரணமாக்கிவிடுகிறார்.

சரி, அடிக்கும் முன்பே தலை திரும்பிவிட்டால்? அதற்கும் பதில் இருக்கிறது. ஸ்வீடனின் அன்னிகா சோரென்ஸ்டாம், அமெரிக்காவின் டேவிட் டுவால் இரண்டு பேருமே மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் தலையை இலக்குப் பக்கம் திருப்பிவிடுவதற்குப் பேர்போனவர்கள். 18 குழிகளை 59 அடிகளில் முடிப்பது தொழில்முறை ஆட்டத்தில் அபூர்வம். டுவால் 1999-இல் அதைச் செய்தார், சோரென்ஸ்டாம் 2001-இல் செய்தார். அந்த 2001-இலேயே டுவால் பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்றார். இவர்கள் இருவரும் உள்ளூர் ரேஞ்சில் முகம் தெரியாமல் போய் நின்றால் பத்து நிமிஷத்துக்குள் யாராவது வந்து தலையைக் கீழே வைக்கச் சொல்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிரிக்கெட்டில் தலையை அசைக்காதே என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, அங்கே பந்து வந்துகொண்டிருக்கிறது. இங்கே அது பேசாமல் கிடக்கிறது.

அப்படியானால் பந்து ஏன் உருண்டு ஓடுகிறது? பந்தின் ஆரம் 21 மில்லிமீட்டர்தான். மட்டை வரவேண்டிய பாதையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏறிவிட்டால் போதும், அதன் அடிவிளிம்பு பந்தின் நடுவயிற்றில் மோதிவிடும். முழங்கை கடைசி நேரத்தில் கொஞ்சம் மடங்கினாலே அந்த இரண்டு சென்டிமீட்டர் வந்துவிடும். இல்லாவிட்டால் உடல் எடை பின்காலிலேயே தங்கிவிட, வீச்சு வளைவின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்து, மட்டை மேலேறிக்கொண்டே பந்தைத் தொடும். இதில் வேடிக்கை என்னவென்றால், எடை பின்னால் தங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இன்னொரு இலவச அறிவுரை: "பந்துக்கு அடியில போய்த் தூக்கி விடுங்க." பந்தை யாரும் தூக்கிவிட வேண்டியதில்லை. ஏழாம் எண் இரும்பு மட்டையின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வே தூக்கும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் அந்த மட்டையைச் சுமார் 4 டிகிரி கீழ்நோக்கி இறக்கித்தான் அடிக்கிறார்கள். பந்து நிமிஷத்துக்கு 7,000 சுற்று என்ற கணக்கில் பின்னோக்கிச் சுழன்றபடி கிளம்புகிறது, அந்தச் சுழற்சி காற்றைக் கீழே தள்ள, காற்று பந்தை மேலே தள்ளுகிறது. ஆக ஒருவரே முதலில் தூக்கி அடிக்கச் சொல்லி நோயை உண்டாக்குகிறார், பிறகு தலையைத் தூக்கியதாகச் சொல்லி மருந்தும் கொடுக்கிறார்.

வலது கைக்காரர்களின் நிரந்தரத் தலைவலி, பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும் ஸ்லைஸ். இதற்கு அன்பர்கள் சொல்லும் வழி: "இன்னும் இடப்பக்கம் பார்த்து நில்லுங்க." காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மோதும் நொடியில் மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது என்பது. டிரைவரில் அதன் பங்கு சுமார் 85 சதவீதம். வளைவை உண்டாக்குவது, முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை பயணிக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம். ஸ்லைஸ் அடிப்பவரின் மட்டை ஏற்கெனவே வெளியிலிருந்து உள்ளே, இடப்பக்கமாகத்தான் வெட்டிக்கொண்டு வருகிறது. இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்றால் பாதை இன்னும் இடப்பக்கம் போகும், ஆனால் பந்து இலக்குக்குப் போகவேண்டுமே என்று கை தன்னையறியாமல் முகத்தை இலக்கைப் பார்த்தே பிடிக்கும். வித்தியாசம் கூடும், வளைவும் கூடும். உடனே ஆலோசகர் "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்பார்.

இங்கே அன்பர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பந்து பாதையின் திசையில் கிளம்பி முகத்தின் திசைக்கு வளையும் என்று பயிற்சியாளர்களே தலைகீழாகச் சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது, அதுவும் நீண்ட காலம். 1960-களிலேயே பிரிட்டனில் ஒரு ஆய்வுக் குழு இதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. ஆனாலும் பந்தின் வேகத்தையும் திசையையும் அளக்கும் டாப்ளர் ரேடார் கருவிகள் ரேஞ்சுகளுக்கு வந்து, ஒவ்வொரு பந்துக்கும் திரையில் எண் காட்ட ஆரம்பித்த பிறகுதான் ஊர் நம்பியது.

"இடது கை வளையவே கூடாது" என்பது இன்னொன்று. இதற்கு இயற்பியலே வேண்டாம், இரண்டு பெயர் போதும். சிறுவயது விபத்தால் இடது முழங்கை வளைந்தே நின்றுவிட்ட எட் ஃபர்கோல் 1954-இல் அமெரிக்க ஓப்பனை வென்றார். அதேபோல் சிறுவயதில் முழங்கை முறிந்து, இடது கையை முழுக்க நீட்ட முடியாமல் போன கால்வின் பீட், டிரைவரால் பந்தை நேராக அனுப்புவதில் 1981 முதல் 1990 வரை பத்து வருஷம் தொடர்ந்து அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் முதலிடம்.

புட்டிங்குக்கு, அதாவது பந்தைத் தரையோடு குழிக்குள் உருட்டிவிடும் கட்டத்துக்கு, வந்தால், கேட்காத அறிவுரை தத்துவமாகவே மாறிவிடுகிறது: "குழிக்கு முன்னாடியே நிக்கிற பந்து விழவே விழாது, தைரியமா அடிங்க." முதல் பாதி மறுக்க முடியாத உண்மை. குழியைத் தாண்டிப் போன பந்தும் விழவில்லை என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் மையம் குழியின் விளிம்பைத் தாண்டியதும் ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கத் தொடங்குகிறது. எதிர் விளிம்பில் முட்டுவதற்குள் பந்து தன் ஆரத்தின் அளவு, அதாவது 21 மில்லிமீட்டர், இறங்கியாக வேண்டும். அவ்வளவு விழ 0.066 வினாடி ஆகும். அதற்குள் அது கடக்க இருக்கும் தூரம் சுமார் 87 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 1.3 மீட்டர். அதைவிட வேகமாக வந்தால் எதிர் விளிம்பில் மோதித் துள்ளும், சில சமயம் துள்ளிய பிறகு உள்ளே விழும், பல சமயம் தாண்டி ஓடும். இது குழியின் நட்டநடுவில் வந்த பந்துக்கு. நடுவிலிருந்து 4 சென்டிமீட்டர் விலகி வந்தால் குழியின் மேல் அதற்குக் கிடைக்கும் பாதை மொத்தமே 7 சென்டிமீட்டர் சொச்சம்தான், அப்போது தாங்கும் வேகம் பாதிக்குக் கொஞ்சம் மேல் என்று குறைந்துவிடுகிறது. வேகம் ஏற ஏற குழி சிறுத்துக்கொண்டே போகிறது என்று பொருள். தவறினால் ஒரு முழம் தாண்டி நிற்கும் அளவு வேகம் பெரும்பாலும் போதும், தைரியம் தனியாகத் தேவையில்லை.

மரத்தைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் மனசு கேட்காது. பந்து மரங்களுக்குப் பின்னால் போய்விட்டால் கட்டாயம் ஒருவர் வருவார்: "மரத்துல 90 சதவீதம் காத்துதான் சார், ஊடால அடிங்க." கொசுவலையும் பெரும்பகுதி காற்றுதான், கொசுவைக் கேட்டால் தெரியும். பந்துக்கு வேண்டியது எங்கோ சிதறிக்கிடக்கும் காற்று இல்லை, 43 மில்லிமீட்டர் அகலத்தில், கிளையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை எங்கும் ஒரு குச்சிகூடக் குறுக்கிடாத ஒரு நீளமான குழாய். ஒவ்வொரு அரை மீட்டரிலும் தப்பிக்கப் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு என்று தாராளமாகக் கொடுத்தாலும், ஐந்து மீட்டர் தழையைக் கடக்கும்போது மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

தப்பான அறிவுரையை விடுங்கள், சரியான அறிவுரையே நடு ஆட்டத்தில் கெடுதல் செய்யும். மட்டை இறங்கும் கால் வினாடியும் மனிதன் ஒன்றைப் பார்த்து எதிர்வினை செய்ய எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. அதற்குள் முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு என்று மூன்று கட்டளைகளை யாராலும் நிறைவேற்ற முடியாது. 1992-இல் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் புதியவர்களைப் புட்டிங் பழகவைத்தார். ஒரு பிரிவுக்கு நுணுக்கமான விதிமுறைகளைக் கொடுத்தார். இன்னொரு பிரிவுக்கு எதுவும் சொல்லாமல், அடிக்கும்போதே வாயால் எழுத்துகளைத் தாறுமாறாகச் சொல்லிக்கொண்டிருக்க வைத்தார், விதிமுறை எதையும் யோசிக்க நேரம் கிடைக்கக்கூடாது என்பதற்காக. பதற்றத்தை உண்டாக்கிப் பார்த்தபோது தடுமாறியது விதிகளைக் கற்றவர்கள். 1999-இல் கேப்ரியேல் வுல்ஃபும் அவருடைய சகாக்களும் செய்த சோதனையில், தன் கைகள் எப்படி அசைகின்றன என்று கவனித்த புதியவர்களைவிட, மட்டை எப்படி வீசுகிறது என்று கவனித்தவர்களின் பந்துகள் இலக்குக்கு நெருக்கமாக விழுந்தன. நம் ரேஞ்ச் வைத்தியர்களின் மருந்துச்சீட்டில் மட்டையைப் பற்றி எதுவும் இருக்காது, இருப்பதெல்லாம் உங்கள் உடல் உறுப்புகள்.

போட்டி ஆட்டமாக இருந்தால் இதற்கெல்லாம் தடை உண்டு. கோல்ஃப் விதி 10.2-இன்படி, அதே போட்டியில் ஆடும் இன்னொருவருக்கு எந்த மட்டை எடுப்பது, எப்படி அடிப்பது என்று யோசனை சொன்னால், மொத்த அடிகளை எண்ணும் போட்டியில் சொன்னவருக்கு இரண்டு அடிகள் அபராதம். பழைய விதியிலும் அப்படித்தான். 1980-இல் அமெரிக்காவில் சாம்பியன்களுக்கான போட்டி ஒன்றில் டாம் வாட்சன் தன்னோடு ஆடிக்கொண்டிருந்த லீ ட்ரெவினோவுக்கு ஸ்விங் பற்றி ஏதோ சொல்லிவிட்டார், அது தொலைக்காட்சியில் ஒலித்துவிட்டது, வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போன் போட்டுக் காட்டிக்கொடுத்தார்கள். வாட்சன் கணக்கில் இரண்டு அடிகள் ஏறின. அப்படியும் அந்தப் போட்டியை அவர்தான் ஜெயித்தார்.