கட் விழும் இடத்தில் தடுமாறும் கேம் எஞ்சின்

5 நிமிட அனிமேஷன் குறும்படத்துக்கு, நொடிக்கு 24 ஃபிரேம் வீதம், 7,200 படங்கள் வேண்டும். ஒளிக்கதிர்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து கணக்குப் போடும் வழக்கமான ரெண்டர் (படம் வரையும்) முறையில் ஒரு ஃபிரேமுக்கு 1 மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரே கம்ப்யூட்டரில் வேலை முடிய 300 நாள் ஆகும். விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருளான கேம் எஞ்சின் அப்படிக் காத்திருக்க முடியாது. நொடிக்கு 60 ஃபிரேம் காட்ட வேண்டுமென்றால், ஒரு ஃபிரேமை 16.7 மில்லி நொடிக்குள் வரைந்தாக வேண்டும்.

1996இல் வெளிவந்த குவேக் விளையாட்டுக்குள்ளேயே ஆட்டக்காரர்கள் குட்டிப் படங்கள் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2024இல் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கரை வென்ற ‘வார் இஸ் ஓவர்!’ அன்ரியல் என்ற கேம் எஞ்சினில் உருவானது. தரம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் எஞ்சின் இன்றும் குறுக்குவழிகளால்தான் வேகமாக ஓடுகிறது. படம் எடுக்க வருபவர்கள் மாட்டிக்கொள்வதும் அந்தக் குறுக்குவழிகளில்தான்.

அவற்றில் பெரியது, போன ஃபிரேமில் செய்த வேலையை இந்த ஃபிரேமுக்கும் எடுத்துக்கொள்வது. விளையாட்டில் கேமரா விட்டுவிட்டுத் தாவுவதில்லை. சற்றுமுன் தெரிந்ததில் பெரும்பகுதி இப்போதும் தெரியும். அதனால் அன்ரியல் எஞ்சின் 5, ஓரங்களில் தெரியும் பிசிறை நீக்க முந்தைய ஃபிரேம்களின் பிக்சல்களைக் கலந்துகொள்கிறது. சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தைக் கணக்கிடும் அதன் லூமென் பகுதி, ஃபிரேமுக்குக் கொஞ்சம் கதிர்களையே அனுப்பி, பல ஃபிரேம்களின் விடைகளைச் சராசரி எடுக்கிறது. பொருள்களின் மேல் போர்த்தும் படங்களான டெக்ஸ்சர்கள் முதலில் மங்கலாக வந்து பிறகு தெளிவாகின்றன. எக்ஸ்போஷரும், அதாவது படத்தின் வெளிச்ச அளவும், இருட்டு அறைக்குள் நுழைந்த கண்ணைப் போல மெதுவாகப் பழகிக்கொள்கிறது.

சினிமாவிலோ 4, 5 நொடிக்கு ஒரு கட், கேமரா சட்டென்று வேறிடத்துக்குத் தாவும். நம் 5 நிமிடப் படத்தில் 60, 70 இடங்களில் எஞ்சினுக்குப் பழைய நினைவே இல்லாமல் போகிறது. விளைவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் தெரியும்: கட் முடிந்த முதல் ஃபிரேமில் கன்னத்தில் பொடிப் புள்ளிகள், சட்டையின் நெசவு சில ஃபிரேம் கழித்துப் பட்டென்று தெளிவாகும், மேசைக்கு அடியில் இருந்த இருட்டு மெல்ல வெளுக்கும். துணியின் அசைவைக் கணக்கிடும் சிமுலேஷன் இருந்தால் இன்னும் மோசம். கைகளை விரித்து நிற்கும் டி-போஸிலிருந்து கதாபாத்திரம் ஒரே ஃபிரேமில் நாற்காலியில் உட்கார்ந்துவிடும். பாவாடை பின்னாலிருந்து பறந்து வந்து சேரும், சில சமயம் தொடைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இதற்கு மருந்து, ஷாட் தொடங்கும் முன்பே எஞ்சினை ஓடவிடுவது. படத்தை வெளியே எடுக்கும் அன்ரியலின் மூவி ரெண்டர் க்யூவில், இப்படி முன்கூட்டியே ஓடும் வார்ம்-அப் ஃபிரேம் எண்ணிக்கை கொடுக்கும் இடம் இருக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு. எஞ்சின் வார்ம்-அப் என்பது படம் வரையாமல் துகள்களையும் சிமுலேஷனையும் மட்டும் ஓட்டும். வெளிச்சமும் பிக்சல் வரலாறும் சேர ரெண்டர் வார்ம்-அப் வேண்டும். 32 ஃபிரேம் நல்ல தொடக்கம். துணிக்கு இது மட்டும் போதாது, ஏனென்றால் அந்த நேரம் முழுக்கக் கதாபாத்திரம் முதல் போஸிலேயே உறைந்து நிற்கும். ஷாட்களை அடுக்கும் டைம்லைனான சீக்குவென்சரில், எந்தக் கேமரா எப்போது என்று சொல்லும் கேமரா கட் டிராக்கை ஷாட்டின் தொடக்கத்துக்கு முன்னால் 48 ஃபிரேம் இழுத்துவிட வேண்டும். முதல் 24இல் உடல் டி-போஸிலிருந்து உட்காரும் நிலைக்கு வரட்டும், அடுத்த 24இல் துணி அடங்கட்டும். வார்ம்-அப்புக்குக் கேமரா கட்டைப் பயன்படுத்து என்ற தேர்வையும் டிக் செய்தால்தான் இந்த முன்னோட்டம் உண்மையில் ஓடும். மறந்துபோவது பெரும்பாலும் இந்த டிக்தான்.

எக்ஸ்போஷரை மேனுவலுக்கு மாற்றுவதைப் படத்தின் முதல் நாளே செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால் போட்ட லைட் எல்லாம் மாறும். அதோடு டெக்ஸ்சர் ஸ்ட்ரீமிங்கை, அதாவது டெக்ஸ்சர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதை, அணைக்கும் கேம் ஓவர்ரைடு அமைப்பை மூவி ரெண்டர் க்யூவில் சேர்த்தால் மங்கல் போகும். ஆனால் எல்லா டெக்ஸ்சரும் ஒரேயடியாகக் கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் ஏறும்; 8 ஜி.பி. கார்டில் பெரிய செட் தாங்காமல் போகலாம்.

ரெண்டர் செய்யும்போது 16.7 மில்லி நொடிக் கெடு நமக்கு இல்லை. அதனால் ஒரே ஃபிரேமைப் பல முறை வரைந்து சராசரி எடுக்கலாம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, அதாவது 180 டிகிரி ஷட்டரில் 1/48 நொடியை, 8 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் 4 மாதிரி எடுத்தால் மொத்தம் 32. ஒன்றுக்கு 40 மில்லி நொடி என்றால் ஃபிரேமுக்கு 1.28 நொடி, முழுப் படமும் இரண்டரை மணி நேரத்தில் முடியும், வட்டில் எழுதும் நேரம் தனி. காலத் துண்டுகளில் கஞ்சத்தனம் கூடாது. எஞ்சின் தானாகப் போடும் மோஷன் பிளர் (அசைவுக் கலங்கல்) நேர்கோட்டில் இழுப்பது. சுழலும் மின்விசிறி இறக்கை வளைவாகக் கலங்காமல் நேராக நீண்டுவிடும். துண்டுகளைக் கூட்டினால் வளைவு வந்துவிடும். 32 மாதிரி இருக்கும்போது எஞ்சினின் சொந்தப் பிசிறுநீக்கத்தை அணைத்துவிடலாம், ஓடும் காலுக்குப் பின்னால் வரும் நிழல்வாலும் ஒழியும். லூமென் அப்போதும் பழைய ஃபிரேம்களை நம்புவதால் வார்ம்-அப்பைக் கைவிட முடியாது.

செட் கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. அன்ரியலில் 1 அலகு 1 செ.மீ., முப்பரிமாண மாடல்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் 1 மீட்டர். ஏற்றுமதி அமைப்பு தவறினால் வீடு தீப்பெட்டி அளவில் வந்து நிற்கும். சுவர் 10 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் லூமெனில் வெளி வெயில் உள்ளே கசியும். சீக்குவென்சர் இயல்பாக நொடிக்கு 30 ஃபிரேமில் திறக்கும். முதல் கீ (அசைவுக் குறி) போடும் முன்பே 24 ஆக்காவிட்டால், பின்னால் மாற்றும்போது கட்கள் ஃபிரேம்களுக்கு நடுவே விழும்.

வீடியோ கோப்பாக நேரடியாக எடுக்காமல், ஃபிரேமுக்கு ஒரு கோப்பாக இ.எக்ஸ்.ஆர். வகைப் படங்களாக எடுப்பதே நல்லது. 1920×1080 அளவில், 16 பிட், நான்கு சேனல், சுருக்காமல் வைத்தால் ஒரு படம் சுமார் 16.6 எம்.பி.; 7,200க்கும் சேர்த்து 120 ஜி.பி. அளவுக்கு வரும். இடம் போனாலும் பரவாயில்லை, 4,000ஆவது ஃபிரேமில் எஞ்சின் விழுந்தால் அந்த ஷாட்டிலிருந்து மீண்டும் ஓட்டினால் போதும். விழுவதற்கு அடிக்கடி காரணம் விண்டோஸ்தான்: கிராபிக்ஸ் கார்டு 2 நொடி பதில் சொல்லவில்லை என்றால் செத்துவிட்டதென்று முடிவுகட்டி டிரைவரை மறுதொடக்கம் செய்யும். கனமான ஃபிரேம் அதைவிட நேரம் எடுக்கத்தான் செய்யும். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், இந்த 2 நொடிக் கெடுவைக் குறிக்கும் டி.டி.ஆர். டிலே மதிப்பை 60 ஆக்கிக் கம்ப்யூட்டரை மறுபடி துவக்கினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.