ஊஞ்சலுக்குப் போகும் வழி

எங்கள் பகுதிப் பூங்காவுக்கு மாலை ஐந்தரை மணிவாக்கில் ஒரு பாட்டி வருவார். கூட வரும் பேரனுக்கு நான்கு வயதிருக்கும். மூளை முடக்குவாதம், கால்கள் நிற்காது, உட்கார வைத்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சரியும். நடைபாதை முடிகிற இடத்தில் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு, பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கி ஊஞ்சல் வரைக்கும் நடப்பார். தனியாக உட்கார வைக்க முடியாது என்பதால் தானே பலகையில் உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொள்வார். ஆட ஆரம்பித்ததும் அவன் சிரிக்கிற சிரிப்பு மதில் சுவர் வரைக்கும் கேட்கும்.

இன்னும் இரண்டு வருடம் போனால் பாட்டியால் அவனைத் தூக்க முடியாது. அப்புறம் அவனுக்கு ஊஞ்சல் கிடையாது. நடுவே கிடக்கிற பத்தடி மணல் அவனை அங்கேயே நிறுத்திவிடும்.

எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக விளையாடக்கூடிய இடத்தை எப்படி அமைப்பது என்பதைப் பேச, அந்த ஊஞ்சலில் தொடங்கிப் பூங்காவின் வாசல் வரை பின்னோக்கி நடந்து பார்க்கலாம்.

முதலில், ஊஞ்சல் ஏன் அவ்வளவு பிடிக்கிறது? பதில் காதுக்குள் இருக்கிறது. நம் உள்காதில், கேட்பதற்கான நத்தைக்கூட்டுக்குப் பக்கத்தில், மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. மூன்றும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக, மூன்று திசைகளைப் பார்த்தபடி அமைந்தவை. உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழாய் உடனே திரும்பிவிடுகிறது, திரவம் சற்றுப் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல் மெல்லிய ஒரு தடுப்பை வளைக்க, அதிலுள்ள நுண்மயிர்கள் 'தலை சுழல்கிறது' என்று மூளைக்குச் சொல்கின்றன. ராட்டினத்தில் வெகுநேரம் சுற்றினால் திரவமும் குழாயின் வேகத்தை எட்டிவிடும். ராட்டினம் நின்ற பிறகும் திரவம் ஓடிக்கொண்டிருக்கும். தலைசுற்றல் என்பது அதுதான்.

குழாய்களின் அடியில் இன்னும் இரண்டு சிறு பைகள். அவற்றில் பசை போன்ற படலத்தின் மேல் சுண்ணாம்புப் படிகங்கள் பதிந்திருக்கின்றன. முன்னே பின்னே நகர்ந்தாலும், மேலே கீழே போனாலும், தலை சாய்ந்தாலும் படிகங்கள் இழுபட்டுச் சேதி அனுப்பும். ஊஞ்சல் இந்த இரண்டு அமைப்புகளையும் ஒரே சமயத்தில், ஒரே தாளத்தில் தூண்டுகிறது. 2 மீட்டர் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் ஒருமுறை போய்வரக் கிட்டத்தட்ட 2.8 நொடி ஆகும். ஆடுவது குழந்தையா தாத்தாவா என்பதால் அந்த நேரம் பெரிதாக மாறாது. அடுத்து என்ன வரும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு இந்தத் தாளம் மிகவும் பிடிக்கும். சிலருக்கோ கால் தரையை விட்டு எழும்பினாலே பயம். ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) 1960, 70களில் இதைக் கூர்ந்து பார்த்து, உடலின் அசைவு, அழுத்தம், தொடுகை ஆகியவற்றை மூளை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்கிறது என்று ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். ஊஞ்சல் ஒரு சிகிச்சையாக எவ்வளவு தூரம் பலன் தருகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. எனக்கு அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தோன்றவில்லை. குழந்தை ஊஞ்சலாட, அதில் அவனுக்குக் கிடைக்கிற சந்தோஷமே போதுமான காரணம்.

சரி, அந்தப் பையனை எப்படி உட்கார வைப்பது? இங்கே கொஞ்சம் இயற்பியல் தேவைப்படுகிறது. ஊஞ்சல் 45 பாகை உயரம் வரை போய்த் திரும்பும்போது, அடிப்புள்ளியைக் கடக்கிற கணத்தில் உடலின் எடை ஏறத்தாழ 1.6 மடங்காகத் தெரியும். நமக்கு வயிற்றில் ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். கழுத்துத் தசை வலுவில்லாத குழந்தைக்கோ, தலையே ஒன்றரை மடங்குக்கு மேல் கனக்கிறது. வெறும் பலகையில் கட்டிப்போட்டால் ஆபத்து. பின்பக்கம் உயர்ந்து, சற்றே சாய்ந்து, தலையையும் தோளையும் தாங்கி, மார்புக்குக் குறுக்கே பட்டை உள்ள இருக்கை வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்தது கூடை ஊஞ்சல். சுமார் ஒரு மீட்டர் அகலத்தில் வட்ட வளையம், நடுவே கயிற்று வலை. அதில் படுத்துக்கொள்ளலாம், சாய்ந்துகொள்ளலாம். உட்காரத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. முக்கியமாக, பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே கூடையில் ஏறிக்கொள்ளும். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏற்றி ஆட்டும் மேடை ஊஞ்சல்களும் உண்டு. அவை கனமான இரும்பு; மோதினால் பெரிய காயம் ஆகும் என்பதால் தனி வேலிக்குள் அடைக்க வேண்டியிருக்கிறது. நாற்காலியை விட்டு இறங்கவே முடியாத பெரிய பிள்ளைகளுக்கு அது ஒரு வரம், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு சாதனத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், நான் கூடை ஊஞ்சலைத்தான் கேட்பேன். வேலிக்குள்ளே ஒரு குழந்தை தனியாக ஆடுவதையும் வெளியே மற்றவர்கள் நின்று பார்ப்பதையும் விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஊஞ்சலிலிருந்து இறங்கித் தரையைப் பார்ப்போம். பெரும்பாலான பூங்காக்கள் தோற்றுப்போகிற இடம் இது.

விளையாட்டுத் தரைக்கு இரண்டு வேலைகள். விழுந்தால் அடிபடக்கூடாது, உருண்டால் புதையக்கூடாது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் குழந்தையின் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான வேகத்தில் இருக்கும். அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 5 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் சராசரியாக ஈர்ப்புவிசையின் 30 மடங்கு அதிர்ச்சி. சிமென்டில் அரை சென்டிமீட்டர்கூட அமுங்காது. அதிர்ச்சி முந்நூறு மடங்கைத் தாண்டும். அமெரிக்கத் தர விதிகளில் உச்ச அதிர்ச்சி 200 மடங்கைத் தாண்டக்கூடாது. இந்தக் கணக்கில் மணல் நன்றாகவே தேறும். அதனால்தான் ஊஞ்சலுக்கடியில் மணல் கொட்டுகிறார்கள்.

ஆனால் அதே மணல்துகள்கள் சக்கரம் ஏறினால் பக்கவாட்டில் நழுவி வழிவிடுகின்றன. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, ஒல்லியானது. புதைந்து அங்கேயே நிற்கும். பின்னாலிருந்து தள்ளினால் நாற்காலி முன்னால் கவிழப் பார்க்கும். மெரினாவில் 2022 நவம்பரில் அலைக்கு அருகே வரை 263 மீட்டர் நீளத்துக்கு மரப் பாதை திறந்தார்களே, அதற்கும் இதே காரணம்தான். அந்தப் பாதை திறக்கும்வரை சென்னையிலேயே வளர்ந்த எத்தனையோ பேர் கடலைச் சாலையோரத்திலிருந்து மட்டும் பார்த்திருக்கிறார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியபோது மனம் கனத்துப்போனது. பிறகு சரிசெய்தார்கள்.

மென்மையும் உறுதியும் ஒரே தரையில் எப்படிக் கிடைக்கும்? ரப்பர் துகள்களைப் பசையால் பிணைத்துத் தடிமனாகப் பரப்பி, மேலே நெருக்கமான மெல்லிய அடுக்கு ஒன்று போடுகிறார்கள். குழந்தையும் நாற்காலியும் சேர்ந்து 27 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு சக்கரம் ஏழு கிலோ அளவில்தான் தரையை அழுத்தும். பசை பிடித்திருப்பதால் துகள்கள் நழுவாது. சக்கரம் மேலேயே உருண்டுபோகும். விழும் தலையோ ஒரு கணத்துக்கு அதைவிடப் பல மடங்கு விசையோடு மோதுகிறது. அதற்குத் தரை அமுங்கிக் கொடுக்கும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ரப்பர் வெயிலில் சுடும். முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தைகள் சிலருக்குக் காலில் உணர்ச்சி இருக்காது. கால் பொசுங்குவது அவர்களுக்குத் தெரியாது, அழவும் மாட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். ஆகவே அடர்நிற ரப்பர் வேண்டாம், நிழல் இல்லாத ரப்பர் வேண்டவே வேண்டாம். செலவும் அதிகம் என்பதால், விழும் வாய்ப்புள்ள இடங்களுக்கு மட்டும் ரப்பர் போட்டு, வாசலிலிருந்து அங்கே வரை சாதாரணத் தளக்கல் பாதை போட்டால் போதும். மணலையும் ஒழிக்கத் தேவையில்லை. முழங்கால் நுழையும் உயரத்தில் ஒரு தொட்டி கட்டி அதில் மணலைப் போட்டால், நாற்காலியில் இருப்பவனும் நிற்பவளும் ஒரே கோபுரத்தைக் கட்டுவார்கள்.

அடுத்து சறுக்குமரம். 1.2 மீட்டர் உயர மேடைக்கு 1:12 சரிவில், அதாவது ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் என்ற கணக்கில், சாய்தளம் போட்டால் 14 மீட்டருக்கு மேல் நீளம் வரும், நடுவே ஓய்விடங்கள் வேறு. அந்தச் சரிவில் 27 கிலோவை ஏற்றுவது இரண்டேகால் கிலோவைத் தொடர்ந்து தூக்கிப் பிடித்துக்கொண்டே போவதற்குச் சமம். பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. நான்கு வயதுக் கைகளுக்கு? அமெரிக்காவின் 2010 அணுகல் விதிகள், விளையாட்டுத் திடலின் தரைமட்டப் பாதைகளுக்கு 1:16க்கு மேல் செங்குத்து கூடாது என்கின்றன. சாய்தளம் இல்லாத இடங்களில் 28 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சிறு மேடை. குழந்தை நாற்காலியிலிருந்து அதற்கு நகர்ந்து, படிப்படியாகத் தவழ்ந்து மேலே போகலாம். ஏறும் இடமும் சறுக்கி இறங்கும் இடமும் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சறுக்கி முடித்த குழந்தை தன் நாற்காலிக்காகத் தரையில் கிடந்து காத்திருக்கும். எனக்குக் கேட்டால் மண்மேடுதான் சிறந்தது. மண்ணைக் குவித்து, புல் வளர்த்து, சரிவிலேயே சறுக்குமரத்தைப் பதித்துவிட்டால் விழுவதற்கு உயரமே இல்லை. தவழ்பவன், ஓடுபவள், தூக்கிச் செல்லப்படுபவன் மூவருக்கும் ஒரே மேடு.

சறுக்குமரம் எதால் செய்தது என்பதும் முக்கியம். பிளாஸ்டிக்கில் துணி உராயும்போது உடம்பில் நிலைமின்னேற்றம் சேரும். நமக்கு ஒரு சுள்ளென்ற அதிர்வோடு போய்விடும். காது கேளாதவர்களுக்கு அறுவைசிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைக்கு, காதுக்கு வெளியே மாட்டியிருக்கும் கருவியில் அவளுக்கென்றே சரிசெய்த ஒலி அளவீடுகள் பதிந்திருக்கின்றன. அந்த மின்னேற்றம் கருவி வழியாகப் பாய்ந்தால் அந்த அளவீடுகள் கெட்டுப்போகக்கூடும். புதிய கருவிகளில் இந்த ஆபத்து குறைவு; கடலோரத்து ஈரக்காற்றிலும் மின்னேற்றம் அதிகம் சேராது. என்றாலும் தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக ஏராளமான சிறு குழந்தைகள் இந்தக் கருவியைப் பெற்றிருக்கிறார்கள். அவர்கள் பிளாஸ்டிக் சறுக்குமரத்துக்கு முன் கருவியைக் கழற்றினால், விளையாடும் நேரம் முழுக்க அமைதியில் கழியும். துருப்பிடிக்காத உலோகச் சறுக்குமரத்தில் இந்தத் தொல்லை இல்லை.

உலோகம் கொதிக்குமே? வடக்கு பார்த்து வையுங்கள் என்று மேல்நாட்டு வழிகாட்டிகள் சொல்கின்றன; அங்கே உச்சிச் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கம்தான். சென்னை இருப்பது 13 பாகை அட்சத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை இங்கே உச்சிச் சூரியன் வடக்குப் பக்கமாகவே நிற்கிறது! கொளுத்தும் மாதங்களில் திசை நமக்குக் கைகொடுக்காது. வேம்போ புங்கனோ வேண்டும், மரம் வளரும்வரை ஒரு கூரை வேண்டும்.

ஆபத்தையெல்லாம் இப்படி எண்ணிக்கொண்டே போனால், கடைசியில் மெத்தை போட்ட அறை மாதிரி ஒரு பூங்கா மிஞ்சிவிடும் என்ற பயமும் எனக்கு உண்டு. இங்கிலாந்தின் தோட்டக்கலை வல்லுநர் மார்ஜரி ஆலன் 1970இல் லண்டன் செல்சியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காக ஒரு சாகச விளையாட்டுத் திடலைத் திறந்தார். சேறு, தண்ணீர், ஏறி இறங்கும் சவால் எல்லாம் அவர்களுக்கும் வேண்டும் என்பது அவருடைய உறுதி. முட்டி தேய்வதற்கு அந்தப் பையனுக்கும் உரிமை இருக்கிறது.

மதிலோரம் வந்துவிட்டோம். இங்கே ஒரு பதுங்குமிடம் வேண்டும்: மூங்கில் தட்டியோ புதரோ மூன்று பக்கம் மறைக்க, நான்காம் பக்கம் திடலைப் பார்த்தபடி. சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை அங்கே போய் உட்கார்ந்து, மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்து, மனம் தெளிந்ததும் திரும்பி வரும். ஊஞ்சல் வீச்சு தொடங்கும் இடத்தில் தரையின் சொரசொரப்பு மாறினால், பார்வையற்ற குழந்தையின் கால் அதைக் கண்டுகொள்ளும். பேச வராத பிள்ளைகளுக்குப் படப்பலகை: 'தண்ணீர்', 'இன்னொரு தடவை', 'போதும்'.

கடைசியாக வாசல். இருசக்கர வண்டிகள் நுழையக்கூடாது என்று நம் பூங்காக்களில் குழாயை வளைத்து இடுக்கு வைத்திருப்பார்கள், அல்லது சுழல்கதவு. வண்டியோடு சேர்த்துச் சக்கர நாற்காலியும் வெளியே நின்றுவிடும். 90 சென்டிமீட்டர் அகலத்தில், தானாகச் சாத்திக்கொள்ளும் ஒரு கதவு பக்கத்தில் இருந்தால் போதும். சட்டென்று சாலைக்கு ஓடிவிடும் குழந்தைகளும் வருவார்கள் என்பதால், சிறு கைக்கு எட்டாமலும் நாற்காலியில் இருக்கும் ஒரு தாய்க்கு எட்டும்படியும் தாழ்ப்பாள் வேண்டும். காவலாளியிடம் சாவி கேட்டுத் திறக்கிற கதவு, பெரும்பாலும் பூட்டியே கிடக்கும்.

போன வாரம் எங்கள் பூங்காவில் நாடா வைத்து அளந்தோம். நடைபாதை விளிம்பிலிருந்து ஊஞ்சலின் இரும்புக் கால் வரை மூன்றேகால் மீட்டர். ஒன்றரை மீட்டர் அகலத்தில் பாதை போட ஐந்து சதுர மீட்டர் தளக்கல் போதும். அதையும், ஒரு கூடை ஊஞ்சலும் அதன் கீழே வெளிர்நிற ரப்பர் தரையும் கேட்டு வார்டு அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து பாட்டியுடையது.